ஜூன் மாதச் சந்தா

ரசீதுப் புத்தகம் என் பொறுப்பில் இருந்தது.
களியக்காவிளை சந்தைக்கு மேக்கே,
ஒரு கால் இங்கும் ஒரு கால் கேரளத்திலும் ஊன்றி
மூத்திரம் பெய்யலாம் என்று பேர்வாங்கின மேட்டில்
சங்க ஆபீஸ். ஒரு பெஞ்சு, ஒரு கொடி,
கண்ணாடி போன அலமாரி.

மூட்டைக்கு இருபது பைசா போதாதென்று
எண்பத்துநாலில் கொக்கியைக் கீழே போட்டோம்.
பத்து நாள் மரச்சீனி. பதினோராம் நாள் அதுவும் இல்லை.
பன்னிரண்டாம் நாள் விடியுமுன் ஒரு வேன் வந்தது,
பதினைந்து மூட்டை புழுங்கலரிசி.
இறக்கினது நாங்கள்தான், கூலி கேட்காமல்.
யார் அனுப்பினது என்று கேட்டது ஏசுவடியான் ஒருத்தன்,
அதுவும் ரெண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு.

முப்பத்தேழாம் நாள் ஜெயித்தோம். முப்பத்தைந்து பைசா.
ஊர்வலத்தில் கொடி பிடித்து முன்னால் போனவனை
எங்களில் யாருக்கும் தெரியாது.
கைக்கடிகாரம் கட்டியிருந்தான்.

அடுத்த செவ்வாய் ராத்திரி எட்டுப்பேர் வேண்டும் என்று ஆள் வந்தது,
கிருபைதாஸ் முதலாளியிடமிருந்து.
"தின்ன சோத்துக்கு" என்றார் செயலாளர் சத்தியநேசன்,
வேறொன்றும் சொல்லவில்லை.
ரேஷன் முத்திரைச் சாக்கிலிருந்து வெறுஞ்சாக்குக்கு அரிசி மாறியது.
விளக்கணைத்த லாரி இறக்கத்தில் நியூட்ரலில்
பாறசாலைக்கு உருண்டது.
ராத்திரிக் கணக்கை ரசீதுகளின் பின்பக்கம்
பென்சிலால் எழுதினேன்.

அக்கரைச் சங்கத்தில் நோக்குகூலி என்று உண்டு.
வீட்டுக்காரனே இறக்கும் சுமையைப்
பார்த்துக்கொண்டு நின்றால் பணம்.
பார்த்ததுக்கு ஒரு கூலியா என்று சிரிப்போம்.
எங்களுடையதுக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை.
செக்போஸ்ட்காரருக்கு வரும் அதே கவரில் வந்தது,
ஓணத்துக்கும் கிறிஸ்துமசுக்கும் இரட்டிப்பு.

மறுவருஷம் மே மாதப் பொதுக்கூட்டத்தில்
ஏசுவடியான் எழுந்தான். தலைத்தோர்த்தை அவிழ்த்து
மடித்துத் தோளில் போட்டான்.
"மூட்டை எத்தற, பைசா எத்தற,
எனக்க தலையில ஏறினதுக்குக் கணக்கு வேணும்."
கைதட்டினவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார் சத்தியநேசன்.
நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

ஜூன் ரெண்டாம் தேதி, நெடுமங்காட்டில் அக்கா வீட்டுக்கென்று
பஸ் ஏறினான். எப்போது திரும்பினான் என்று
யாருக்கும் தெரியாது.
இடவப்பாதி மழையில் ஆறு செம்மண்ணாய் வந்தது.
ஒன்பதாம் தேதி குழித்துறை சப்பாத்துக்குக் கீழே
தூண்டில் போட வந்த பையன்கள் கண்டார்கள்.
குடித்து விழுந்தான் என்று எழுதினார்கள்,
சபையில் காணிக்கைப் பை எடுக்கிறவனை.
மலர்வளையம் நாற்பது ரூபாய், வவுச்சரில் என் கையெழுத்து.
பெட்டி கொண்டுபோக வேன் இலவசம். அதே வேன்.

பத்து நாள் கழிந்து சொர்ணபாய் வந்தாள்.
மரண நிதிக்கு அல்ல, அதை அவள் தொடவில்லை.
"ஒண்ணாந்தேதி அவரு மூணு ரூவா சந்தா கட்டினாரு.
உசிரோட இல்லாத நாளைக்கு உள்ளதத் திருப்பித் தாரும்."
துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தேன்.
நாளுக்குப் பத்துப் பைசா. மிச்சம் இருபத்தாறு நாள்.
ரெண்டு ரூபாய் அறுபது, எண்ணி மேசையில் வைத்தேன்.
கூட்டல் தப்பாத கை.

அவள் எடுக்கவில்லை. விரல் மடக்கினாள்.
ஒரு கை முழுக்க மடங்கி நின்றது.
வெளியே யாரோ லாரிமேல் தார்ப்பாய் இழுத்தார்கள்.
"ஒம்பதாந் தேதிதானே கெடச்சாரு.
நாலாந் தேதியோட நீரு எப்பிடி நிறுத்தினீரு?"

ரெண்டு ரூபாய் பத்தை முந்தானையில் முடிந்தாள்.
எட்டணாவை ரசீதுப் புத்தகத்தின்மேல் வைத்து
"இது ஒமக்க கூலி" என்றாள்.

வரவா செலவா, எதில் எழுத என்று தெரியவில்லை.
கடைகளில் எட்டணா வாங்குவதை நிறுத்தியும்
வருஷங்கள் ஆகிவிட்டன.